செந்துறைக் கடிகாரம்

என் மகளின் மாமனாருக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய திருத்தம் ஒன்று இருந்தது. அது இப்போது எந்த இயந்திரத்திலும் இல்லை. இல்லாமல் ஆக்கியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைப் போர்த்திக்கொண்டே இவ்வளவு நாள் இருந்துவிட்டேன். அதனால் அதை முதலிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன்.

திருச்சியில் பொறியியல் படித்து, சென்னையில் பல வருடம் வேலை பார்த்து, கடைசியில் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குத் தலைவனாக வந்து சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரிக்கு அரியலூரில் ஒரு கிளை, செந்துறையில் சின்னதாக இன்னொன்று. ஓய்வுபெறும் வயது தாண்டியும் என்னை அனுப்பவில்லை. அங்கிருந்த பழைய இயந்திரங்களின் குணம் எனக்குத்தான் தெரியும் என்று நிர்வாகம் நம்பியது. நானும் நம்பினேன்.

மூன்று ஊர்களிலும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும், அவற்றைப் பார்த்து டாக்டர்கள் எழுதும் ரிப்போர்ட்டுகளும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெரம்பலூரில் ஓர் அறை நிறைய இயந்திரங்கள், அரியலூரில் அதில் பாதி, செந்துறையில் எக்ஸ்ரே அறையின் மூலையில் ஒரே ஒரு பெட்டி. ஓர் ஊரில் எழுதியதன் பிரதி மற்ற ஊர்களுக்கும் போய்ச் சேரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையோரமாகத்தான் கேபிள் வருகிறது. அது அடிக்கடி அறுபடும். ஓர் ஊர் விழுந்தாலும் இன்னோர் ஊர் கொடுக்கட்டும் என்றுதான் அப்படிப் பிரித்து வைத்திருந்தோம்.

அந்த இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. புதியவை வந்து இறங்கின. பழையதில் இருக்கிற அத்தனையையும் புதியதற்கு மாற்ற வேண்டும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே குடும்பத்தோடு வீடு மாறுவது போன்ற காரியம். அதற்கு வழி இருக்கிறது. புதிதாக வருவதை இரண்டு இடத்திலும் எழுதிக்கொண்டே, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுக்க வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்ததும் டாக்டர்களின் திரைகளைப் புதியதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். காலையில் ஓ.பி.யில் உட்கார்ந்த டாக்டர் மதியம் வேறொரு இயந்திரத்திலிருந்து படம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கே தெரியாது.

நிர்வாக இயக்குநர், "ஒரு ஞாயித்துக்கிழமை நிறுத்திக்குங்க சார், பரவாயில்ல" என்றுதான் சொன்னார்.

"எதுக்குங்க? ஒரு நிமிஷம்கூட நிக்காது" என்றேன். கேட்காத வாக்குறுதியைக் கொடுத்தவன் நான்.

இனி அந்தக் கடிகாரம். செந்துறைக் கிளையில் எக்ஸ்ரே எடுப்பவர் கலகலப்பான மனிதர். முதல் தடவை போனபோதே கவனித்தேன், அங்கே சுவர்க் கடிகாரம் கால் மணிக்கும் மேலாக முந்தி ஓடியது. அரியலூர் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காய வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்தில் பல வீடுகளில், கடைகளில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டரிலும் அதே நேரம் இருந்தது.

"கம்ப்யூட்டருமா பஸ் புடிக்கணும்?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்க சார். செவுத்துக் கடியாரம் ஒண்ணு சொல்லுது, சீட்டுல அடிச்ச நேரம் ஒண்ணு சொல்லுது. 'நான் வந்தது பத்து மணிக்கு, நீ எப்படிய்யா பத்தாகலேன்னு போடுறே'ன்னு சண்டைக்கு வராங்க. அதான் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன். இப்ப ஊரே அமைதியா இருக்கு."

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பழைய அமைப்பில் அதனால் கெடுதல் இல்லை. ஒரு ரிப்போர்ட்டைத் திருத்தினால் இரண்டு, மறுபடி திருத்தினால் மூன்று என்று பழையது எண் போட்டுக்கொள்ளும். பெரிய எண்தான் செல்லும். புதியது எண்ணைப் பார்க்காது, எழுதப்பட்ட நேரத்தைப் பார்க்கும். ஒரே ரிப்போர்ட் இரண்டு விதமாக இருந்தால் எது பிந்திய நேரமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். இதை நான் படித்திருந்தேன். செந்துறைக் கடிகாரத்தைக் கண்ணால் பார்த்துமிருந்தேன். இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன.

செந்துறைக்குப் பக்கத்தில்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளை எடைபோடும் மேடையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அதன்பிறகு முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். நகலெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குன்னா அசைய மாட்டேங்குறாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"என்னங்க சம்பந்தி, உங்க மிஷினெல்லாம் புது வூட்டுக்குப் போவுதாமே? பால் காய்ச்சிட்டீங்களா?"

"அது கிடக்கட்டும். செந்துறையில போயி ஒரு நெஞ்சுப் படம் எடுத்துடுங்க."

"எடைமேடையில உக்காந்தவன் இருமாம பாட்டா பாடுவான்? இத்தனை வருசம் சுண்ணாம்பைத்தானே சுவாசிச்சேன். உள்ள வெள்ளையடிச்ச மாதிரி சுத்தமா இருக்கும், போங்க."

ஆனாலும் போனார். அங்கிருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு நுரையீரல் சரியாக உள்ளது என்று எழுதினார். மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். சம்பந்தி பஸ் ஏறிவிட்டார். படமும் ரிப்போர்ட்டும் பெரம்பலூருக்கு வந்தன. படங்களை மட்டுமே பார்த்துச் சொல்கிற டாக்டர் ஒருவர் பெரம்பலூரில் இருந்தார். வெளிக் கிளைப் படங்களை அவர் மறுநாள்தான் சரிபார்ப்பார், அதுதான் முறை. நான் அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"டாக்டர், செந்துறையில இருந்து ஒண்ணு வந்திருக்கும். நம்ம சம்பந்தி. கொஞ்சம் உடனே பாத்துடுங்களேன்."

"சொல்லணுமா சார், இந்தா பாத்துடுறேன்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. தெரிந்தவன் உள்ளே இருக்கும்போது சம்பந்தியை வரிசையில் நிற்க வைத்தால்தான் பேச்சு வரும். டாக்டரும் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு அப்போதே பார்த்திருக்கிறார். சற்றைக்கெல்லாம் திரும்பக் கூப்பிட்டார். நான் இயந்திர அறையில் இருந்தேன், விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

"பாத்துட்டேன் சார். எழுதிப் போட்டிருக்கேன், ஒரு தடவை பாத்துக்கங்க."

"ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்று சொல்லி வைத்தேன். ரிப்போர்ட்டைத் திறக்கவில்லை. வேலை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு மறந்தேன்.

திருத்தங்கள் இரவில்தான் கிளைகளுக்குத் திரும்பிப் போகும். அதற்குள், அன்று மாலையே, செந்துறை லைன் அறுந்தது. திருத்திய ரிப்போர்ட் பெரம்பலூரில் இருந்தது. செந்துறைப் பெட்டியில் முதலில் எழுதியதே நின்றது. லைன் திரும்ப வந்தபோது நகலெடுக்கும் வேலையும் அந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது.

அரியலூர் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் ஒரு பெண். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், கணவர் வளைகுடாவில் இருந்தார். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரிந்தவர். அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், செந்துறைப் பெட்டியில இருக்கிற சில ரிப்போர்ட்டு பெரம்பலூர்ல இருக்கிறதோட ஒத்துப்போகல. ரெண்டுல எதை வைக்கிறதுன்னு கேட்டுக்கிட்டு நிக்குது."

"பிந்தினதை வச்சுக்கன்னு சொல்லிட வேண்டியதுதான்."

"மொத்தத்துக்குமா? டாக்டருங்களை விட்டு ஒவ்வொண்ணா பாக்கச் சொல்லலாம் சார். செந்துறை ரிப்போர்ட்டை மட்டும் ஒரு நாள் நிறுத்தினாப் போதும்."

"நிறுத்துறதா? நிக்காதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேம்மா."

"அல்லா காப்பாத்தணும். நீங்களே அமுக்கிடுங்க சார், நான் அமுக்கல" என்றார்.

நானே அமுக்கினேன். திரையில் பச்சைக் கோடு ஒரு கணம் நின்றது, பிறகு நகரத் தொடங்கியது. எதுவும் சிவக்கவில்லை, எதுவும் அலறவில்லை. தவறு என்றால் ஏதாவது ஒரு சத்தம் வரும் என்று நம்பிப் பிழைத்தவன் நான். இப்போதெல்லாம் சத்தம் வராத இடங்களைத்தான் பார்த்துப் பயப்படுகிறேன்.

நடந்தது இதுதான். செந்துறையில் "சரியாக உள்ளது" என்று எழுதியபோது அந்தக் கம்ப்யூட்டரின் நேரம் கால் மணிக்கு மேல் முந்தியிருந்தது. பெரம்பலூர் டாக்டர் அதற்குப் பின்னால்தான் திருத்தினார். ஆனால் பெரம்பலூரின் நேரம் சரியான நேரம். ஆகவே கணக்கில் திருத்தம் முந்தியதாகவும் தவறு பிந்தியதாகவும் ஆனது. புதிய இயந்திரம் தவறை வைத்துக்கொண்டு திருத்தத்தைத் தள்ளியது. வழக்கப்படி மறுநாள் பார்த்திருந்தால் கால் மணி வித்தியாசம் எதையும் செய்திருக்காது. நான் சிபாரிசு செய்ததால் அவர் உடனே பார்த்தார். உடனே பார்த்ததால் அந்தத் திருத்தம் அந்தச் சின்ன இடைவெளிக்குள் விழுந்தது.

சம்பந்தி சொன்னபடி ஒரு வாரம் கழித்துப் போனார். திரையில் என்ன இருந்ததோ அதைத்தான் டாக்டர் படித்துச் சொன்னார்.

"சுத்தமா இருக்காம்" என்று எனக்குப் போன் வந்தது. "வெள்ளையடிச்சிருக்குன்னு நான் சொல்லல?"

ஒரு நிமிடமும் நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இயக்குநர் என் வாக்கியத்தை அப்படியே மேடையில் சொன்னார். அதன்பிறகு சில நாட்கள் கழித்து அரியலூரிலிருந்து அந்தப் பொறியாளர் கூப்பிட்டார். குரலில் சிரிப்பா கலக்கமா என்று சொல்ல முடியவில்லை.

"சார், இங்க ஒருத்தர் கையில மாவுக்கட்டோட வந்து நிக்கிறாரு. செந்துறையில படம் எடுத்தவரு. பெரம்பலூர்ல அப்பவே பாத்து, கை உடைஞ்சிருக்குன்னு திருத்தி, போன்ல சொன்னப்புறம்தான் கட்டுப் போட்டிருக்காங்க. இப்பத் திரையில எலும்பு நல்லா இருக்குன்னு வருது. 'அப்பக் கட்டை அவுத்துடலாமா, நடவு வேலை கிடக்கு'ன்னு கேக்குறாரு."

அந்த நொடியில் கடிகாரமும் புதிய அமைப்பின் விதியும் என் தலைக்குள் ஒன்றையொன்று தொட்டன. செந்துறைக்கு நானே காரில் போனேன். கம்ப்யூட்டரின் நேரத்தைச் சரிசெய்தேன். "சண்டை வருமே சார்" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். வரட்டும் என்றேன்.

பொறியாளர் விடவில்லை. "பழைய மிஷின்ல திருத்தினதெல்லாம் அப்படியே இருக்கு சார். அதை விக்கிறதுக்காக அழிக்கப் போறாங்க. அதுக்குள்ள செந்துறையில இருந்து வந்ததை மட்டும் ஒத்துப் பாத்துடலாம். ஒரு நாள் நிறுத்தினாப் போதும்."

"கால் மணிக்குள்ள திருத்தினது எத்தனை இருந்துடப் போவுது? மாவுக்கட்டுக்காரர் ஒருத்தரோட போச்சு. விடும்மா."

அவர் விட்டார். நான் மேலே இருப்பவன், அவர் என்ன செய்வார். பழைய இயந்திரங்களை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பொய்யைப் பல காலம் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். அப்போது சம்பந்தியின் நினைப்பே வரவில்லை என்பது அந்தப் பொய். வந்தது. பேனாவைக் கையில் எடுக்கும்போதே வந்தது. அவர் படமும் செந்துறைதான், அதையும் உடனே பார்க்கச் சொன்னோமே, டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னாரே என்று வந்தது. டாக்டருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போட்டு, ஏதாவது இருந்துவிட்டால், அழிப்பதை நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் திறக்க வேண்டும், மேடையில் சொன்ன வாக்கியத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கல்லங்குறிச்சித் தேருக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போவது வழக்கம். அந்த வருடமும் போனோம். வடம் பிடிக்க முன்னால் ஓடுகிற சம்பந்தி கடலைக்கடை ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. இருமும்போது துண்டை வாயில் வைத்து, எடுத்து, பார்க்காமல் மடித்துக்கொண்டார். பார்க்காமல் மடித்ததை நான் பார்த்தேன். தேர் நகர்ந்தது, கூட்டம் கத்தியது. எனக்கு அந்தப் பச்சைக் கோடு நகர்வது போலிருந்தது.

"என்ன சம்பந்தி அப்படிப் பாக்குறீங்க? எடை போடுறீங்களா?" என்றார்.

திருச்சிக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது பழைய படத்தையும் ரிப்போர்ட்டையும். நான்தான் எடுத்துவரப் போனேன். இந்தத் தடவை பெரம்பலூர் டாக்டருக்குப் போன் செய்தேன். அதற்குள் அவர் வேறு ஊருக்குப் போயிருந்தார்.

"உங்க சம்பந்திதானே சார்? ஞாபகம் இருக்கே. வலது பக்கம் மேல ஓரமா ஒரு நெழல் இருந்துச்சு. உடனே சி.டி. எடுக்கணும்னு எழுதியிருந்தேனே. எடுத்துட்டீங்கள்ல?"

போனை வைத்தேன். படத்தைத் திறந்தேன். படத்தை யாரும் திருத்துவதில்லை, அதனால் அது ஒரு புள்ளி குறையாமல் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. வலது பக்கம் மேலே, எலும்புக்கு ஓரமாக, புகையை விரலால் தொட்டு வைத்தது போல அந்த நிழல் இருந்தது. அதன் கீழேயே, நுரையீரல் சரியாக உள்ளது என்ற வரி.

முன்னமே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார் திருச்சி டாக்டர். மகளும் மருமகனும் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு செந்துறை டாக்டரைத் திட்டினார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

சம்பந்தியிடம் மட்டும் சொன்னேன். முந்திரிக்காட்டில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. கடிகாரம், லைன், திருத்தம், கையெழுத்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை சருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்த டாக்டரு சரியாத்தான் எழுதியிருக்காரு."

"ஆமாங்க."

"நீங்க சொன்னதால சீக்கிரமாவே பாத்திருக்காரு."

"ஆமாங்க."

இருமினார். அடங்க நேரமாயிற்று. "எடைமேடையில நானும் எடை கூடின எத்தனையோ லாரியைப் பாத்தும் பாக்காத மாதிரி வுட்டிருக்கேன் சம்பந்தி. ஆனா அது கல்லு."

சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினேன்.

"எம் மருமகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரிய வேணாம். எங்கப்பா எங்கப்பான்னு உங்களைத்தான் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியுது. நான் போறவன். அது இந்த வூட்டுல இருந்து வாழணும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து பார்த்துக்கொண்டேன் என்று காரியத்தன்று உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு கையையும் நான் வாங்கிக்கொண்டேன்.

நான் வேலையை விட்டுவிட்டேன். மாவுக்கட்டுக்காரரையும் சம்பந்தியையும் தவிர அந்தக் கால் மணிக்குள் இன்னும் யார் யார் விழுந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் அழிக்கச் சொன்னேன். சாலையில் யாராவது இருமினால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்க வாய் வருகிறது, கேட்பதில்லை.

அவர் சொன்னதை மீறித்தான் இதை எழுதியிருக்கிறேன். செந்துறை டாக்டர் இன்னும் அந்தக் குடும்பத்தின் வசவை வாங்கிக்கொண்டிருக்கிறார், என் மகள் இன்னும் என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் ஒருசேர என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. யாருடைய பெயரையும் போடவில்லை. அவளுக்குப் பெயர் தேவைப்படாது.

போன வாரம் இந்தத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு போட்டாள், பேரப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினாள். கூடத்தில் சம்பந்தியின் படம், மாலையோடு. அதற்கு மேலே அவர் மாட்டிய கடிகாரம். பை மடியிலேயே இருந்தது. நிமிர்ந்து நேரத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் என்று மனசு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

மகள் சிரித்தாள். "அந்தக் கடியாரத்தைப் பாத்தா எந்திரிச்சீங்க? அது மாமா வச்ச நேரம்ப்பா. மாத்த மனசு வரல, அப்படியே விட்டிருக்கேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பையைத் திறந்தேன்.